சீயோன்விளைக்குப் பேர் வாங்கித் தந்த நோய்

இதை எனக்கு முதலில் சொன்னது சலோமி அக்கா. தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி, நான் மிஷன் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் பதினோரு நாள் கிடந்தபோது, தினம் காலையில் கட்டு மாற்ற வந்த நர்ஸ் அவர்கள்தான். கூட்டிச் சொல்லுகிற ஆள் இல்லை. சீழைச் சீழ் என்றும் சளியைச் சளி என்றும் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து நமக்காக ஜெபம் பண்ணிவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், ஒன்றைத் தவிர. இதில் வருகிற டாக்டரின் பேரை மட்டும் எழுத மாட்டேன், டாக்டரையா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். ஏன் என்று கொஞ்சத்தில் உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுக்கு முன்னால் வாசிக்கிற கதையும் இல்லை இது.

அக்கா அதற்கு முன்னால் வேலை பார்த்த ஊர் சீயோன்விளை. தேரிக்காட்டுச் செம்மண், பனை, நடுவில் கோயில் கோபுரம், கோபுரத்துக்குக் கிழக்கே ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிக்கு எதிரே ஜெபக்கனியின் இட்லிக்கடை. கடை என்றால் அவள் வீட்டு முற்றத்தில் ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஓர் இட்லிக் கொப்பரை. புருஷன் இறந்த பிறகு அவளுக்குத் துணையாக இருந்தது அந்தக் கைதான். மாவைக் கரண்டி போட்டுக் கலக்க மாட்டாள். முழங்கை வரை விட்டுக் கையாலேயே கரைத்து வைப்பாள், விடியும்போது மாவு சட்டியை விட்டு எழுந்து அவளைத் தேடுகிற மாதிரிப் பொங்கி நிற்கும், அது அவள் கைராசி என்று ஊரே சொல்லும். ஆபரேஷனுக்கு வந்தவர்கள்கூட மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்பது ஜெபக்கனி இட்லியைத்தான்.

அந்தக் கையில் வந்தது. இரண்டு உள்ளங்கையிலும் நடுவில், ஊசி குத்தின மாதிரி ஒரு துளை. துளையிலிருந்து ஒரு தண்ணீர். காலையில் வடிகஞ்சி மாதிரி இருக்கும், மத்தியானம் மஞ்சளாகும், பொழுது சாயும்போது உறைந்த நெய் மாதிரித் திரண்டு விரலிடுக்கில் தொங்கும். கருவாட்டை மூன்று நாள் ஊறவைத்து மறந்துபோன தண்ணீரில் கூமுட்டையை உடைத்து ஊற்றினால் வருகிற வாடை என்று அக்கா சொன்னார்கள், நான் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன். உள்ளங்கை நடுவில் காயம் என்றதும் பக்கத்து ஊர் மாதாகோயில்காரர்கள் இயேசுவின் ஆணிக்காயமாக்கும் என்று மெழுகுவத்தி எல்லாம் கொண்டுவந்தார்கள். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போதே காற்று அந்தப் பக்கம் அடிக்க, மெழுகுவத்தியைப் பொசுக்கென்று பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். கடையும் நின்றது. யார் சாப்பிடுவார்கள்? அவள் வீட்டுக் கோழிகூட அவள் போட்ட அரிசியை அலகால் தள்ளி வைத்தது.

ஆறு வருஷம் செவ்வாய்க்கிழமைதோறும் அவள் எதிரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரையா சொந்த ஊர்க்காரர், கெட்டிக்காரர், கூர்மையான மூக்கு. இரண்டு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் அமுக்கி, சொட்டுகிறதைச் சீசாவில் பிடித்து, அளந்து, முகர்ந்து, படம் பிடித்து, கண் தெரியாமல் கறுப்புப் பட்டை ஒட்டி, எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கி எழுதினார். எழுதி முடித்ததும் எழுந்து போய்விடுவார். பிறகு சலோமி அக்கா வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் வெறுங்கையால் கழுவிவிடுவார்கள். கையுறை பட்டால் அவளுக்கு எரியும். அதைவிட, கழுவுகிறவர் முகத்தைச் சுளித்தால் எரியும்; அக்கா குனிந்துகொண்டு சுளித்தாலும் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். “அப்பொ நான் முகத்தைச் சுளிக்காம இருக்கப் படிச்சேன், பாத்துக்கோங்க. ஒரு வருஷம் ஆச்சு” என்றார்கள் அக்கா.

ஏழாவது வருஷம் கடல் கடந்து ஒரு பெரிய கவர் வந்தது. உள்ளே ஒரு வைத்தியப் புத்தகம், அதில் டாக்டரையா எழுதினது அச்சாகி, இப்படி ஒரு நோயை முதலில் எழுதினவர் இவர் என்பதால் இனி இந்த நோய்க்கு இவர் பேரே வழங்கட்டும் என்று பெரியவர்கள் தீர்மானித்திருந்தார்கள். செய்தி மத்தியானத்துக்குள் சந்தை வரைக்கும் போய்விட்டது. நற்பணி மன்றத் தலைவர் கோயில்பிள்ளை அண்ணாச்சி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று கத்தினாராம்.

“கை நடுங்குனா பார்க்கின்சன், தோல் மரத்தா ஹேன்சன், கண்ணு பிதுங்குனா கிரேவ்ஸ். எல்லாம் தொரமாரு பேரு. வெள்ளக்காரனுக்கு மட்டுந்தான் சீக்கு சொந்தமா? இனிமே நம்ம ஊர்க்காரன் பேர்ல உலகமே படுத்துக் கெடக்கும்லா!”

“யாருக்கு வந்த சீக்கு, யாரு பேரு வைக்காவ?” என்று சலோமி அக்கா மெல்லக் கேட்டிருக்கிறார்கள்.

“ஏ நர்ஸம்மா, வீடு கட்டுனவன் பேரத்தான் வாசல்ல எழுதுவாவ. குடியிருக்கவ பேரையா எழுதுவாவ?”

பாராட்டு விழா வைத்தார்கள். நம் ஜனங்களுக்குச் சந்தோஷம் வந்தால் பேரை எங்கேயாவது வெட்டியாக வேண்டும். வீட்டுக்கு ஒன்றாக நூற்று நாற்பது எவர்சில்வர் தூக்குவாளி வாங்கி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் டாக்டரையா பேரை மிஷினில் வெட்டினார்கள். கோயிலுக்கு உபயமாகக் கொடுத்த ட்யூப்லைட் எட்டிலும் அவர் பேரைச் சிவப்பில் எழுதினார்கள். ஊர் முகப்பில் சிமென்ட் வளைவு கட்டிப் பேரை முழ உயரத்துக்குப் புடைக்க வைத்தார்கள். அந்த வாரம் பிறந்த ஒரு பிள்ளைக்கு அதே பேரில் ஞானஸ்நானம் ஆனது. ஜெபக்கனியையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். படத்தில் இருந்த மாதிரியே இருக்கட்டும் என்று, ஒரு கறுப்புத் துணியை எடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டார்கள். அவள் இருட்டுக்குள் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் ஜனம் என்று தெரியாமல் ஒரு தூணைப் பார்த்துக் கும்பிட்டாளாம். டாக்டரையா கையுறை போட்ட கையால் அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பிடித்து, வடிகிறது மேடை விரிப்பில் சொட்டச் சொட்ட, ஒலிபெருக்கியில் சொன்னார்:

“இது என் நோய்.”

ஜனம் கை தட்டிற்று. நோய் அதைக் கேட்டது. யாரும் இதுவரை அதைத் தன்னுடையது என்று சொன்னதில்லை அல்லவா, ஜெபக்கனியே ‘எனக்கு வந்த பீடை’ என்பாளே தவிர ‘என் நோய்’ என்றதில்லை, ஆகவே அது அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு உடையவரிடம் போயிற்று.

காலையில் ஜெபக்கனி எழுந்து பார்த்தபோது இரண்டு உள்ளங்கையும் காய்ந்து, துளை மூடி, ரேகை தெளிந்து, பச்சைப்பிள்ளையின் குதிகால் மாதிரி இருந்தன. அவள் முழங்காலில் விழுந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நேரே போய் உளுந்தை ஊறப்போட்டாள். அதே காலையில் ஊரில் நூற்று நாற்பது வீட்டிலும் தூக்குவாளியின் வயிற்றில் வெட்டின எழுத்துக்கள் கசிய ஆரம்பித்தன.

முதலில் பால்காரனைத்தான் திட்டினார்கள். பிறகு பார்த்தால் பாலில் ஒன்றும் இல்லை, பேரிலிருந்து வருகிறது. ஒவ்வொரு எழுத்தின் வளைவிலும் மஞ்சள் நூலாக இறங்கி, கீழே அடிப்பக்கத்தில் திரண்டு, வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. புளி போட்டுத் தேய்த்தார்கள், சாம்பல் போட்டார்கள், எலுமிச்சம்பழத் தோல் போட்டார்கள், அரைமணி நேரம் பளபள என்று இருந்துவிட்டுத் திரும்பவும் முதலெழுத்தில் ஒரு முத்து துளிர்க்கும். வளைவில் முழ உயரத்துப் பேர் ஆயிற்றே, அது குடம் குடமாக வடித்தது. கீழே போகிற கல்யாணக் காரில் வைத்திருந்த பூவெல்லாம் நனைந்து பொண்ணு மாப்பிள்ளை இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார்கள். கோயில் ட்யூப்லைட்டைச் சுற்றி ஈ மொய்த்து வெளிச்சமே கறுப்பாக விழுந்தது. பேரை வாயால் சொன்னாலும் போச்சு, நாக்கின் அடியில் வந்து நிற்கும். போதகர் விண்ணப்ப ஜெபத்தில் மறந்துபோய் டாக்டரையா பேரைச் சொல்லிவிட்டு, ஆமென் சொல்ல முடியாமல் வெளியே ஓடித் துப்பிவிட்டு வந்தார். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையின் தாய் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டு, ‘ஏ தம்பி’ என்றாள். ஞானஸ்நானப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் பக்கத்துப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. டாக்டரையா எழுதின மருந்துச்சீட்டை மருந்துக்கடைக்காரர் குச்சியால் தள்ளி வாசித்தார்.

இதற்கெல்லாம் ஊர் ஆச்சரியப்படவில்லை, அதுதான் அக்காவுக்கு ஆச்சரியம். வெயில் காலத்தில் அம்மை வருகிற மாதிரி இதையும் எடுத்துக்கொண்டார்கள். பாலைத் துணியால் மூடினார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள், பேரைப் பேப்பர் ஒட்டி மறைத்தார்கள், பேப்பர் ஊறி விழுந்தால் வேறு பேப்பர் ஒட்டினார்கள். ஆனால் ஜெபக்கனியை மன்னிக்கவில்லை. அவள் கை சுத்தமாகிவிட்டதே என்பதுதான் ஊருக்குத் தாங்கவில்லை. அவள் கடை திறந்து, கொப்பரையில் ஆவி பறக்க, பெஞ்சைத் துடைத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு ஆள் வரவில்லை. சுத்தமான கையைப் பார்த்துவிட்டு, ‘ஊர்ப் பாத்திரத்துல எல்லாம் வழிச்சு விட்டுட்டு எப்படி மினுக்கா இருக்கா பாரு’ என்று போனார்கள்.

ஒரு நாள் கோயில்பிள்ளை அண்ணாச்சியின் வீட்டம்மா பொறுக்கமாட்டாமல் தூக்குவாளியில் இருந்த பேரைப் பட்டறையில் கொடுத்து அரத்தால் அராவி எடுத்துவிட்டார். எழுத்து போனது, கசிவும் நின்றது. அதே நேரம் எதிர்த்த தெருவில் மாவு கரைத்துக்கொண்டிருந்த ஜெபக்கனி கையை வெளியே இழுத்துப் பார்த்தாள். இடது உள்ளங்கை நடுவில், கடுகளவு, ஒரு முத்து.

அது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. பேரை அழித்தால் அது பழைய இடத்துக்கே திரும்பிப் போகும். கேட்ட மறுநாளே நான் நீ என்று பட்டறையில் வரிசை நின்றார்கள், அக்கா அதைச் சொல்லும்போது முகம் சுளித்ததை நான் பார்த்தேன், சீழுக்குச் சுளிக்காத முகம் அது. ஒரு தூக்குவாளி, ஒரு முத்து. இன்னொரு தூக்குவாளி, இன்னொரு முத்து. ஜெபக்கனி கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பாத்திரம் ஆனதும் கோயில்பிள்ளை அண்ணாச்சி நாலு பேரோடு அவள் முற்றத்துக்கு வந்து, பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“எம்மா ஜெபக்கனி, ஒண்ணொண்ணா அராவிக்கிட்டு இருக்க முடியாது. டாக்டரையா அந்த வெளிநாட்டுக்கு ஒரு லெட்டர் போட்டு, எம்பேரு வேண்டாம்னு சொல்லிட்டா, மொத்தமா ஒன்கிட்ட வந்துரும். ஒனக்குப் பழகுனதுதான?”

“அண்ணாச்சி, ஒங்களுக்கு வாளியில வந்துச்சு. எனக்குக் கையில வரும்.”

“ஒத்த ஆளு. ஊருக்காக ஒத்த ஆளு தாங்கக் கூடாதா? கோயில்ல என்ன பிரசங்கம் கேக்க நீ?”

அவள் கொப்பரையைத் திறந்தாள். “ரெண்டு இட்லி வைக்கட்டா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டாள். நாலு பேரும் ஒரே சமயத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

டாக்டரையா கடிதத்தை எழுதிவிட்டார். அவருக்கும் வேறு வழி இல்லை என்று வையுங்கள். வாசலில் பேர்ப்பலகை வடிந்தது, சுவரில் மாட்டின பட்டம் கண்ணாடிக்குள்ளேயே ஊறிற்று, கையெழுத்துப் போட்டால் பேனா முனையிலிருந்து மைக்குப் பின்னால் அது வந்தது. சமையல்காரம்மா நின்றுவிட்டாள், ஐந்து நாளாகப் பிஸ்கட்டும் தண்ணீரும். ஆனால் கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒரு காலை ஒன்பது மணிக்கு அதை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு ஜெபக்கனியின் முற்றத்துக்கு வந்தார். சலோமி அக்கா அங்கேதான் இருந்தார்கள், அந்தப் பத்து முத்தையும் கழுவிவிட்டுக்கொண்டு.

“எழுதிட்டேன், ஜெபக்கனி. உன்கிட்ட சொல்லிட்டு அனுப்பலாம்னு வந்தேன்.”

“சொல்லிட்டு அனுப்பவா, கேட்டுட்டு அனுப்பவா, டாக்டரையா?”

அவர் கடிதத்தை விரல் நுனியிலேயே மடித்தார். ஆவி வாசனை அவர் மூக்கில் ஏறிற்று, வயிறு சத்தம் போட்டது, அது மூன்று பேருக்கும் கேட்டது.

“மொதல்ல இருங்க. சாப்பிடுங்க. பசியோட எழுதுன லெட்டர பசியோட அனுப்பாதீங்க” என்று அவள் தட்டை வைத்து, கொப்பரையைத் திறந்து, இட்லியைக் கையாலேயே எடுத்து வைத்தாள். டாக்டரையாவின் கண் அந்தக் கையில் இருந்தது. கை தட்டுக்கு வந்தபோது தட்டைத் தன்னையறியாமல் ஒரு சாண் பின்னால் இழுத்தார். இட்லி மண்ணில் விழுந்தது.

“பாத்தியளா” என்றாள் ஜெபக்கனி. கோபமாகச் சொல்லவில்லை. “இது அடுத்த ஆளுக்கு ஒட்டாதுன்னு அச்சுப்போட்டு எழுதுனதே நீங்கதான. சலோமியக்கா வாசிச்சுக் காட்டுனாவ. நீங்களே தட்டை இழுத்தா, ஊரு எந்த வாயால திங்கும்? ஆறு வருஷமா என் கையப் படம் எடுத்தீங்க. ஒரு நாளு தொட்டீங்களா?”

அவர் தட்டை முன்னால் தள்ளினார். அவள் வேறு இட்லி வைத்தாள். முதல் வாய் போனதும் அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர், விழுங்கினார். இரண்டாவது இட்லிக்கும் அப்படித்தான். மூன்றாவதில் சாம்பார் கேட்டார். ஐந்தாவதைத் தின்னும்போது அவர் கையைப் பார்க்கவே இல்லை, தின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தின்று முடித்த கையைக் கழுவிவிட்டு, அக்காவிடம், “எப்படிக் கழுவுவே?” என்று கேட்டார். அக்கா வேப்பந்தண்ணீர்ச் சட்டியை நகர்த்தி வைத்தார்கள். அவர் கடிதத்தை விரித்து, கீழே புழு மாதிரி மினுங்கிக்கொண்டிருந்த தன் கையெழுத்தைப் பெருவிரலால் தொட்டார். வாடை குப்பென்று எழும்ப, மூக்கு சுருங்கினது. “ஆ, எரியுது” என்று கையை உதறினாள் ஜெபக்கனி. “முகத்தைப் பாத்துக்கோங்கய்யா” என்றார்கள் அக்கா. திரும்பத் தொட்டார், திரும்பவும் அவள் உதறினாள். எத்தனை தடவை என்று அக்கா எண்ணவில்லை. வெயில் முற்றத்தில் பாதி ஏறின பிறகு, தூங்குகிற பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற தாய் மாதிரி ஒரு முகத்தோடு அவர் அந்தக் கையெழுத்தைத் துடைத்தார். பேர் இருந்தது, கசிவு நின்றிருந்தது, அவள் கையில் எதுவும் கூடவில்லை. டாக்டரையா கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

ஊரில் வீட்டுக்கு வீடு சொல்லிப் பார்த்தார். வெறுங்கை, வேப்பந்தண்ணி, முகம் சுளிக்கக் கூடாது, தினமும் செய்ய வேண்டும், ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு மடங்கு. “எங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்றார்கள். டாக்டரையாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். ஆனால் அராவுவதை விட்டார்கள், ஏனென்றால் அதைவிடச் சுலபம் ஒன்று இருந்தது: தூக்குவாளிகளைக் கொண்டுபோய் அவர் வராந்தாவில் வைத்துவிட்டு வருவது. நூற்று முப்பது வாளி, எட்டு ட்யூப்லைட். அவர் விடியக்காலம் தொடங்கி ஒவ்வொன்றாக மடியில் வைத்து அவர் பேரை அவரே கழுவுவார். வளைவுக்கு ஏணி போட்டு ஏறுவார். தன் பேர் வைத்த பிள்ளையின் தாயையும் ஒரு நாள் கூட வைத்துக்கொண்டு, ஞானஸ்நானப் புத்தகத்தைக் கழுவிக் காயப்போட்டார். சாயங்காலம் திரும்பவும் துளிர்க்கும், காலையில் திரும்பவும் கழுவுவார். அது குணமாகிற நோய் இல்லை, பார்த்துக்கொள்ளுகிற நோய் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அதை மட்டும் அவர் எந்தப் புத்தகத்துக்கும் எழுதிப் போடவில்லை. ஜெபக்கனியின் கையில் அந்தப் பத்து முத்தை அக்கா மாற்றலாகி வருகிற வரையில் கழுவினார்கள், பிறகு அதையும் அவரே கழுவுகிறார்.

நான் அங்கே போனேன். மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அந்தப் பக்கம் போனபோது, பஸ்ஸை விட்டு இறங்கி, ஆஸ்பத்திரிக்கு எதிரே தகரக் கூரையையும் ஆவியையும் பார்த்ததும் கால் தானாகப் போயிற்று. பெஞ்சில் ஒருவரும் இல்லை. வெள்ளைச் சேலை, நரைத்த தலை, ஜெபக்கனிதான்; “வாங்கம்மா, இருங்க” என்று துடைத்துப் போட்டார்கள். கை எவ்வளவு சுத்தமாக இருந்தது தெரியுமா? என் கையைவிடச் சுத்தம். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, பசி காதை அடைத்தது. “ரெண்டு வைக்கட்டா?” என்று கேட்டார்கள். அக்கா சொன்ன அந்தக் கருவாட்டுத் தண்ணீர் எங்கிருந்தோ என் நாக்கில் வந்து நின்றது. “சாப்பிட்டுட்டுத்தாம்மா வந்தேன்” என்று சொல்லிவிட்டேன், ஜெபம் பண்ணுகிற வாயால். அவர்கள் சரி என்று தலையை ஆட்டிவிட்டுக் கொப்பரையை மூடினார்கள். நான் திரும்பி வருகிற பஸ்ஸில் பிஸ்கட் தின்றேன்.

இத்தனை வருஷம் அதை ஆண்டவரிடம் சொல்லி அழுதாயிற்று. இப்போது எனக்கு மூட்டுவலி, அவ்வளவு தூரம் பஸ் ஏற முடியாது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் இறங்கி இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கரண்டி கேட்காதீர்கள், அவர்கள் கையாலேயே வைக்கட்டும்.